ரெண்டு விசில்

(வன்னியம்பட்டியில் நடந்த மாணவர் – இளைஞர் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்கு முன்னால் பேசிய தோழர் அதிகாரம் பற்றி நிறைய நூல்களை வைத்துப் பேசினார். எனக்குக் கொடுத்த தலைப்பு 'கூட்டுத் தலைமை'. நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. 1984-ல் அரசு பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்தேன். 2018-ல் ஓய்வு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சங்கரன்கோவில் என்று இந்தப் பக்கத்து ரோடு முழுக்க என் கால் அளந்த ரோடு. நின்றுகொண்டே அளந்தது, ஏன்னா கண்டக்டர் சீட்டில் கண்டக்டர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதனால் எனக்குத் தெரிந்த பஸ்ஸை வைத்துத்தான் தலைமையைப் பற்றிச் சொல்ல முடியும்.

பஸ்ஸுக்கு யார் தலைவர்? டிரைவர் என்பீர்கள். சரி, ஒத்தை விசில் அடித்தால் அவர் நிறுத்தணும். ரெண்டு விசில் அடிக்காமல் எடுக்கக் கூடாது. விசில் என் வாயில் இருக்கு. அப்ப நான் தலைவரா? அதுவும் இல்லை. எங்கே பிரேக் பிடிக்கும், எந்த வளைவில் மெதுவாப் போகணும் என்று எனக்குத் தெரியாது. டைம் கீப்பர் சீட்டில் கையெழுத்துப் போடாமல் ரெண்டு பேரும் நகர முடியாது. ராத்திரி குழிக்குள் படுத்து பிரேக்கைச் சரி பண்ணிய மெக்கானிக் தூங்கியிருந்தால் நாங்க நாலு பேருமே இல்லை. ஆக, ஒரு பஸ் ஓடுறதே தலைமையைப் பிரித்துக்கொள்வதால்தான். பிரிக்காத பஸ் கண்மாயில் கிடக்கும்.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு ஹால்ட் பஸ்ஸில். கடைசி நடை போய் ஊரிலேயே ராத்திரி தங்கி, விடிகாலை முதல் நடை எடுத்து வரும் வண்டியை ஹால்ட் பஸ் என்போம். ஊர் பேர் வேண்டாம். கண்மாய்க் கரை ஒட்டி ஒரு ஒடுக்கமான இடத்தில் வண்டியைத் திருப்பணும். இருட்டு. நான் கீழே இறங்கிப் பின்னால் நின்று விசில் கொடுத்தால்தான் டிரைவர் ரிவர்ஸ் எடுப்பார். என் விசிலை நம்பி அவர் பத்து டன் இரும்பைக் கரை ஓரத்துக்குக் கொண்டு வருவார். அவர் காலை நம்பி நான் வண்டிக்குப் பின்னால் நிற்பேன். திருப்பி நிறுத்தி, எஞ்சினை அமத்தின அந்த நிமிசம் நாங்க ரெண்டு பேராகப் பிரிஞ்சிருவோம். அவருக்கு ஊர்ச் சாவடியில் பாய், ஒரு வீட்டிலிருந்து சோறு. எனக்கு வண்டிக்குள் நீள சீட்டு. தண்ணி பாட்டில் தீர்ந்தால் விடியும்வரை தீர்ந்ததுதான். அவர் கெட்டவர் இல்லை. "என்னப்பா செய்ய, ஊர் அப்படி" என்பார். விடிகாலை அஞ்சே காலுக்கு வந்து ஏறி உட்காருவார். நான் ரெண்டு விசில் கொடுப்பேன். மறுபடி ஒரே உசிரு.

அந்த வண்டிக்குள் படுத்துக்கிட்டு நான் யோசித்தது இதைத்தான்: இவ்வளவு நம்பிக்கையை வேலையில் கொடுக்கிற மனுசன், வேலை முடிந்ததும் அதை எங்கே கழற்றி வைக்கிறான்?

உங்களில் பலருக்கு பஸ் என்றால் எல்லாரும் ஏறுவது. நம் பாட்டன் பூட்டனுக்கு அப்படி இல்லை. முதலில் ரோடே நம்முடையது இல்லை. பொதுச் சாலையிலும் தெருவிலும் நாம் நடக்கலாம், பொதுக் கிணற்றில் எடுக்கலாம் என்று சென்னைச் சட்டமன்றத்தில் 1924-ல் தீர்மானம் கொண்டுவர ஒரு ரெட்டைமலை சீனிவாசன் தேவைப்பட்டார். மோட்டார் பஸ்ஸும் அப்படித்தான். பஸ் முதலாளிகள் தீண்டப்படாதவர்களை ஏற்றுவதில்லை. அப்போது இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. ஜில்லா போர்டுக்கு 1920-களின் இறுதியில் தலைவராக இருந்தவர் சுயமரியாதை இயக்கத்து டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கிற பஸ்ஸுக்கு லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டவர் அவர். சென்னையில் பாண்டி பஜார் என்று துணி எடுக்கப் போகிறோமே, அந்தப் பாண்டி இவர்தான். அவர் பிறந்த நாடார் சமூகமும் கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டது, 1899-ல் சிவகாசியில் தாக்கப்பட்டது. வலி தெரிந்த கை பேனா பிடித்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த உத்தரவால் நாம் பஸ்ஸில் ஏறினோம். டிக்கெட் வாங்குகிறவனாக ஏறினோம். கிழிக்கிறவனாக, ஓட்டுகிறவனாக, நேரம் போடுகிறவனாக ஏற இன்னும் பல பத்து வருசம் ஆச்சு.

ஓட்டுகிற வேலையிலிருந்து விலக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பாபாசாகேப் வாழ்க்கையிலேயே ஒரு சம்பவம் இருக்கு. 1929. பம்பாய் மாகாணத்தில் சாலிஸ்காவ். அவர் அப்போது வெளிநாட்டில் படித்து முடித்த பெரிய வக்கீல். ரயில் நிலையத்தில் இறங்குகிறார். அந்த ஊர் மகர்கள் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப் போக வந்திருக்கிறார்கள். குதிரை வண்டிக்காரன் எவனும் தீண்டப்படாதவனை உட்கார வைத்து ஓட்ட மாட்டேன் என்கிறான். வண்டியை வாடகைக்குத் தருவான், ஓட்ட வர மாட்டான். விருந்தாளியை நடத்திக் கூட்டிப் போவது கௌரவக் குறைச்சல் என்று நம்ம ஆள் ஒருவர் கடிவாளம் பிடித்தார். அவருக்கு வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. வழியில் ஒரு பாலம், பக்கச் சுவர் இல்லாதது. சக்கரம் கல்லிடுக்கில் சிக்கி வண்டியும் குதிரையும் ஆற்றுக்குள். பாபாசாகேப் பாலத்துக் கல்லில் தூக்கி எறியப்பட்டார். கால் முறிந்தது.

முதல் தடவை இதைப் படித்தபோது அந்த மகர் தோழர் மேல் எனக்குக் கோபம் வந்தது. தெரியாத வேலைக்கு ஏன்யா போறே? பிறகு டிப்போவில் இருந்துகொண்டு யோசித்தபோதுதான் விளங்கியது. கடிவாளத்தை ஒரு நாளும் கையில் கொடுக்காதவர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஆனால் அதோடு நிறுத்தவும் எனக்கு மனசில்லை. தலைவரை நடக்க வைக்கக் கூடாது என்கிற மானம் நம்மிடம் அன்றைக்கே இருந்தது. 'நம்மில் யாருக்கு ஓட்டத் தெரியும், வழி எப்படி, ரெண்டு பேர் முன்னால் நடந்து பாலத்தைப் பார்க்கலாமா' என்று கலந்து பேசுகிற பழக்கம் இல்லை. மானத்தையும் மாலையையும் தலைவருக்குக் கொடுத்தோம். வேலையைப் பிரித்துக்கொள்ளவில்லை.

இப்ப என் கதைக்கு வர்றேன். கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய கதை.

டிப்போவில் அதிகாரம் எங்கே இருக்கு தெரியுமா? மேனேஜர் அறையில் இல்லை. டூட்டி போடுகிற மேஜையில். எவனுக்கு எந்த லைன், எந்த வண்டி, எந்த ஹால்ட் என்று எழுதுகிற பென்சிலில். மதுரை மாதிரி நீள லைன் போனால் வசூல் அதிகம். வசூலுக்குத் தகுந்த படி உண்டு. டவுன் பஸ் என்றால் நாளெல்லாம் நடை நடையாக ஏறி இறங்கணும், கூட்டம், சில்லறைச் சண்டை, படி பேருக்கு. ஸ்பேர் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்கணும். நான் வேலை பார்த்த ஒரு டிப்போவில் டவுன் பஸ்ஸும் ஸ்பேரும் வசதியில்லாத ஹால்ட்டும் நம் ஆட்களுக்கே வந்து விழுந்துகொண்டிருந்தது. யாரிடம் கேட்டாலும் "சாதியா? டிப்போவில ஏதுப்பா சாதி? சீனியாரிட்டிப்படி" என்பார்கள்.

1993-ல் அஞ்சு பேர் சேர்ந்தோம். மூன்று பேர் நம்மவர்கள். ஒருவர் கோனார், ஒருவர் இஸ்லாமியத் தோழர், டெக்னிக்கல் பிரிவு. கோசம் போடவில்லை. இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். தினமும் போர்டில் போடுகிற டூட்டியை அப்படியே காப்பி பண்ணினோம். தேதி, லைன், வண்டி நம்பர், பேர். மூன்று மாசம். கூட்டிப் பார்த்தபோது மதுரை லைனில் நம் ஆள் ஒருத்தர்கூட இல்லை. ஓட்டை வண்டி எல்லாம் அதே எட்டுப் பத்துப் பேர் கையில். சீனியாரிட்டிப்படி பார்த்தால் அதில் ரெண்டு பேர் மேலே இருக்க வேண்டியவர்கள்.

நோட்டை எடுத்துக்கொண்டு போனோம். ஒரு வக்கீல் தோழர் சொல்லிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு, அரசியல் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, 1976-ல் சேர்த்தது, தொழில் நிர்வாகத்தில் தொழிலாளிக்குப் பங்கு இருக்கணும் என்கிறது என்று சொன்னேன். அது வழிகாட்டும் கொள்கைதான், கோர்ட்டுக்குப் போய்ப் பெற முடியாது என்று மேனேஜருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் நோட்டை மறுக்க முடியவில்லை. அவர் கையெழுத்து வைத்த டூட்டிதானே அதில் இருக்கு. கடைசியில் ஒத்துக்கொண்டார்: டூட்டி சுழற்சி முறையில், ஒரு வாரத்துக்கு முன்பே சுவரில் ஒட்டப்படும். தகராறு வந்தால் அஞ்சு பேர் குழு உட்கார்ந்து பேசும். டிரைவர் ரெண்டு, கண்டக்டர் ரெண்டு, மெக்கானிக் ஒன்று.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. வண்டிகள் நன்றாக ஓட ஆரம்பித்தன! காரணம் சாதாரணமானது. முன்பெல்லாம் ஓட்டை வண்டி எப்போதும் அதே ஆளுக்குத்தான் போகும். அவன் லாக் சீட்டில் 'கிளட்ச் தூக்குது, பிரேக் ஒரு பக்கம் இழுக்குது' என்று எழுதி எழுதிக் களைத்து, எழுதுவதையே விட்டுவிட்டான். மற்றவனுக்குக் கவலை இல்லை, அவன் அதில் ஏறப் போவதே இல்லை. சுழற்சி வந்ததும் இந்த வாரம் எனக்கு வந்த வண்டி அடுத்த வாரம் உனக்கு. எல்லாரும் குறையை எழுத ஆரம்பித்தார்கள். மெக்கானிக்கைப் பார்த்து எல்லாரும் சத்தம் போட்டார்கள், ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டு மெக்கானிக்கும் மேலே சத்தம் போட்டார். கஷ்டத்தைச் சுழற்றி விட்டதும் அது எல்லாருடைய கஷ்டமாகி, தீர வழி பிறந்தது. மேனேஜரே "ஏப்பா, இத முன்னாடியே செஞ்சிருக்கலாமே" என்றார். டீசல் கணக்கும் அவருக்குச் சாதகமாக இருந்தது போல.

பதினோரு மாசம் ஓடியது. அப்புறம் மேனேஜர் மாறினார். எனக்கு டிரான்ஸ்பர் போட்டார்கள். பழி வாங்கல்தான், சந்தேகமில்லை. ஆறு வாரத்தில் சுவரில் ஒட்டுவது நின்றது. பென்சில் பழையபடி எழுத ஆரம்பித்தது.

ரொம்ப நாள் நான் புது மேனேஜரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கூட்டங்களில் அப்படித்தான் பேசினேன், கைதட்டினார்கள். ஆனால் உண்மை வேறு. அந்த நோட்டு எங்கே இருந்தது? என் வீட்டு டிரங்குப் பெட்டியில். சுழற்சிக் கணக்கை எப்படிப் போடுவது, லீவு ஆள் வந்தால் எப்படி மாற்றுவது என்று யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும். குழு என்று அஞ்சு பேர் இருந்தோம், சண்டை வந்தால் எல்லாரும் "அண்ணன் வரட்டும்" என்பார்கள். எனக்கு அது இனித்தது தோழர்களே. பொய் சொல்லக் கூடாது. என்னைத் தூக்கினால் போதும் என்று நிர்வாகத்துக்குக் காட்டிக் கொடுத்தது நான்தான்.

இன்னொன்று. அதைச் சொல்லத்தான் ரொம்பக் கஷ்டம். அந்த அஞ்சு பேர் குழுவில் டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் என்று சொன்னேனே, ராத்திரி பஸ் கழுவுகிறவர்கள்? கூட்டுகிறவர்கள்? ஒருத்தரும் இல்லை. அவர்களையும் சேர்க்கணும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நான் அருந்ததியன். வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவன். என் அம்மா இருபது வருசம் ஒரு பஸ் ஸ்டாண்டு கூட்டினாள். அவள் பையனான எனக்கே தோன்றவில்லை. யூனிபார்ம் போட்டதும் நான் பஸ்ஸுக்கு உள்ளே இருக்கிறவன் ஆகிட்டேன். அம்மாவிடம் ஒரு நாள் குழு கதையைப் பெருமையாகச் சொன்னபோது, "அந்தக் கழுவுற பயலுகளுக்கு டூட்டி யாருடா போடுறா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

சரி, 1997. இந்த மண்ணில் நின்றுகொண்டு அதைப் பேசாமல் பஸ்ஸைப் பற்றிப் பேச முடியாது.

அப்போதெல்லாம் போக்குவரத்துக் கழகங்களுக்கு மன்னர்கள், தலைவர்கள் பேர். பாண்டியன், சேரன், சோழன், கட்டபொம்மன், மருதுபாண்டியர், ராணி மங்கம்மாள், ஜீவா, நேசமணி. சென்னையில் பல்லவனை 1994-ல் பிரித்தபோது ஒன்றுக்கு டாக்டர் அம்பேத்கர் பேர். 1997-ல் விருதுநகர் பகுதிக்குப் புதுக் கழகம் அமைத்து, கலைஞர் அரசு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தது. கட்டபொம்மன் படையில் தளபதியாக நின்று வெள்ளைக்காரனை எதிர்த்து உயிர் விட்ட தேவேந்திரர். கவர்னகிரிக்காரர். கட்டபொம்மன் பேரில் பஸ் ஓடும்போது பிரச்சினை இல்லை. அவன் தளபதி பேரில் ஓடினால் ஏற மாட்டோம் என்றார்கள் முக்குலத்தோர் அமைப்பினர். மறியல், கல்வீச்சு, எரிப்பு. இந்த மாவட்டம் முழுக்கத் தீ. உயிர்கள் போயின. சேரிகள் சூறையாடப்பட்டன.

அந்த பேர் எழுதிய பஸ்ஸில் நான் வேலை பார்த்தேன். விடிந்து பார்த்தால் பேர் மேல் தார் பூசியிருக்கும். துடைத்துவிட்டு எடுப்போம். எனக்குச் சோடியாக வந்த டிரைவர் மறவர். அவர் சொந்தக்காரர்கள் அவரிடமே வந்து "அந்த வண்டிய ஓட்டுறியா?" என்று கேட்டார்கள். அவர் "நான் பேரப் பிடிச்சா ஓட்டுறேன், ஸ்டியரிங்கப் பிடிச்சு ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டு எடுத்தார். ஒரு நாள் சாயங்காலம் ரோட்டில் கூட்டம் தெரிந்ததும் என்னைக் கண்டக்டர் சீட்டுக்கு அடியில் உட்காரச் சொல்லி, பையைத் தன் காலடியில் வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணாடி உடைய உடைய வண்டியை நிறுத்தாமல் கொண்டுவந்தார். நெற்றியில் மூன்று தையல். அந்த மனுசனுக்கு நான் கடன்பட்டவன்.

அதே மனுசன் அடுத்து வந்த சங்கத் தேர்தலில் கிளைச் செயலாளருக்கு நான் நின்றபோது எனக்கு ஓட்டுப் போடவில்லை. மறைக்கவும் இல்லை. "உனக்காக கல்லடி படுவேன் தம்பி. உன் கிட்ட கையெழுத்து வாங்கிட்டு லீவுல போனா ஊர்ல என்னத்தச் சொல்ல?" என்றார். இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வாளரும் எனக்குச் சாதியைச் சொல்லித் தந்ததில்லை. சேர்ந்து வேலை பார்ப்பது ஒன்று. தலைமையைச் சேர்ந்து வைத்துக்கொள்வது இன்னொன்று. முதலாவது வந்துவிட்டால் ரெண்டாவதும் தன்னால் வரும் என்று நம்பாதீர்கள்.

பிறகு என்ன ஆச்சு? 1997 ஜூன் 30. மதுரை மாவட்டம் மேலவளவு. தனித் தொகுதியில் பஞ்சாயத்துத் தலைவராக ஜெயித்த முருகேசனும் உடன் வந்தவர்களுமாக ஆறு பேர், பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது வழிமறித்து வெட்டப்பட்டார்கள். அதுவும் பஸ். அதுவும் தலைமை பற்றிய சண்டைதான். அந்த ஜூலையில் அரசு எல்லாக் கழகங்களின் பேரையும், மாவட்டங்களுக்கு வைத்த தலைவர்கள் பேரையும் எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது. எங்கள் பக்கத்து பஸ் எல்லாவற்றிலும் ஒரே பேர், தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம். ஒரு தலித் பேரைச் சகிப்பதைவிட சேர சோழ பாண்டியரையும் சேர்த்து அழிப்பது எளிதாக இருந்தது.

பேருக்காகப் போராடியது தப்பில்லை. இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அப்போது எங்கள் கூட்டங்களில் நான் ஒரு கேள்வி கேட்டு ரெண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பேர் எழுதின அந்த பஸ்ஸுக்கு டூட்டி போடுகிற மேஜையில் யார்? அந்த பஸ் காலனி வாசலில் நிற்குமா, ஊர் வாசலில் இறக்கிவிட்டு நடக்க வைக்குமா? நிறுத்தம் முடிவு பண்ணுகிற இடத்தில் நம்மில் யார்? "நீ அருந்ததியன், சுந்தரலிங்கம் பேர் உனக்குக் கசக்குது" என்றார் ஒரு தோழர். கசக்கவில்லை. தார் துடைத்தது என் கைதான்.

இந்த இடத்தில் கடல் தாண்டி ஒரு ஊரைப் பார்த்துவிட்டு வருவோம். அமெரிக்காவில் மாண்ட்கோமரி. 1955 டிசம்பர் 1, ரோசா பார்க்ஸ் சீட்டை விட்டு எழ மறுத்து கைதானார். படித்த பிள்ளைகளுக்கு இது தெரியும். கூடவே மார்டின் லூதர் கிங் பேரும் தெரியும். அதற்கு ஒன்பது மாசம் முன்பே கிளாடெட் கால்வின் என்கிற பதினைந்து வயசுப் பிள்ளை இதே காரணத்துக்காகக் கைதானதும், ஜோ ஆன் ராபின்சன் என்கிற ஆசிரியை ஒரே ராத்திரியில் கல்லூரி மெசினில் ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை உருட்டியதும் பலருக்குத் தெரியாது. ஆனால் நான் கண்டக்டர். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று 381 நாள் இருந்தார்களே, வேலைக்கு எப்படிப் போனார்கள்?

முதலில் கறுப்பர் டாக்ஸிகள் பஸ் கட்டணமான பத்து சென்டுக்கே ஏற்றின. போலீஸ் குறைந்தபட்சக் கட்டணம் நாற்பத்தஞ்சு என்று மிரட்டி நிறுத்தியது. உடனே சொந்தமாக ஒரு போக்குவரத்தையே உருவாக்கினார்கள். முந்நூறு கார் வரை. ஏறுகிற இடம், மாறுகிற இடம் என்று நகரம் முழுக்க. தெருத் தெருவாக அலைந்த தபால்காரர்கள் வழி சொன்னார்கள். ரூபஸ் லூயிஸ் தலைமையில் போக்குவரத்துக்கென்று தனிக் குழு. ரெண்டு வருசம் முன்பு பேட்டன் ரூஜ் நகரத்தில் இதே மாதிரி நடத்தியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். சமையல்காரப் பெண்கள் ஜார்ஜியா கில்மோர் தலைமையில் பலகாரம் செய்து விற்று பெட்ரோலுக்குக் காசு கொடுத்தார்கள். இன்சூரன்சை ரத்து பண்ண வைத்தார்கள், லண்டனில் போய் எடுத்தார்கள். கார்களை சர்ச்சுகள் பேரில் வாங்கினார்கள்.

1956 பிப்ரவரியில் கிங் உட்படத் தொண்ணூறு பேர் அளவில் வழக்கு. எல்லாத் தலைகளும் ஒரே வாரத்தில். மறுநாள் கார் ஓடியதா? ஓடியது. ஏனென்றால் எந்தக் கார் எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்பது ஒருத்தர் டிரங்குப் பெட்டியில் இல்லை. கடைசியில் கோர்ட் அந்தக் கார்ப் போக்குவரத்துக்கே தடை போட்ட அதே நவம்பர் 13-ல்தான் உச்ச நீதிமன்றம் பஸ்ஸில் பிரித்து உட்கார வைப்பது செல்லாது என்றது. அந்த வழக்கைப் போட்டவர்கள் நாலு பெண்கள், கால்வின் அதில் ஒருத்தி. இதைப் படித்த அன்றைக்கு என் பதினோரு மாசம் ஏன் ஆறு வாரத்தில் செத்தது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு ஊர் முழுக்கச் செய்த வேலையை நாம் ஒரு போட்டோவாக மாற்றிச் சுவரில் மாட்டிவிட்டோம்.

சங்கம் இருக்கே, அது பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிற தோழர்களுக்கு இங்கிலாந்து பிரிஸ்டல் நகரத்தைச் சொல்கிறேன். அங்கே பஸ் கம்பெனி கறுப்பர், ஆசியர் யாரையும் டிரைவர் கண்டக்டராக எடுக்காது. அங்கிருந்த தொழிற்சங்கமும் அதற்கு உடந்தை. 1963-ல் மேற்கிந்தியத் தீவு இளைஞர்கள் நாலைந்து பேர், பால் ஸ்டீபன்சனைப் பேச வைத்து, பஸ் புறக்கணிப்பு நடத்தி நாலு மாசத்தில் அந்தத் தடையை உடைத்தார்கள். முதலில் யூனிபார்ம் போட்டவர் ரக்பீர் சிங் என்கிற சீக்கியர். செங்கொடி கட்டினாலும் கறுப்புக்கொடி கட்டினாலும், மேஜையில் யார் என்று பார்க்காமல் நம்பாதீர்கள்.

இப்போது நிலைமை என்ன? 2021 மே மாசத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்தப் பக்கத்து மில்லுக்கும் பேண்டேஜ் தறிக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற நம் பெண்கள் கையில் மாசம் சில நூறு ரூபாய் மிஞ்சுகிறது. பெரிய விசயம். ஆனால் அந்தப் பெண்ணைப் பார்த்து முகம் சுளிக்கிற கண்டக்டரும் இருக்கிறான், கை காட்டினால் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துகிற டிரைவரும் இருக்கிறான். அவர்களில் நம் ஆளும் உண்டு, சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு பக்கம் ஓட்டுநரை ஒப்பந்தத்தில் எடுப்பது நடக்கிறது. 2025 ஜூனில் சென்னையில் விட்ட மின்சார பஸ்களில் ஓட்டுவது தனியார் கம்பெனி ஆள், டிக்கெட் கொடுப்பது கழகத்து ஆள். சோடியை நடுவில் அறுத்துவிட்டார்கள். பதினெட்டு சதமும் அருந்ததியர் உள் ஒதுக்கீடு மூன்று சதமும் கண்டக்டர் வரைதான் வரும். ஸ்டியரிங்குக்கு வராது. தனியாரிடம் விடுகிற வேலையில் ஒதுக்கீடு கேட்காவிட்டால், சாலிஸ்காவ் மாதிரி கடிவாளம் தெரியாதவர்களாக மறுபடி நம்மை நிறுத்துவார்கள். 2009-ல் வந்த உள் ஒதுக்கீடு 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் உறுதியாகியிருக்கிறது. அதைச் சொன்னதும் இந்தக் கூட்டத்திலேயே ரெண்டு மூன்று முகம் வாடுகிறது, தெரிகிறது. அதையும் பேசித்தான் ஆகணும். பள்ளர், பறையர், சக்கிலியர் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். டூட்டி சுழலணும். ஓட்டை வண்டி எப்போதும் ஒரே ஆளுக்கு வரக் கூடாது.

பேச்சை முடிக்கச் சொல்லி சீட்டு வந்திருக்கு. ஒரு வேலை மட்டும் பாக்கி. காலையில் காலனி நிறுத்தம் பற்றி பேசினீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்து பஸ் ஊர் வாசலிலேயே திரும்பிவிடுகிறது, பிள்ளைகள் முக்கால் கிலோமீட்டர் நடக்கிறார்கள், மனு கொடுக்கணும், "அய்யா முன்னால வாங்க" என்றீர்கள். நான் வர மாட்டேன். பதினைந்து நாள் அந்த பஸ் வருகிற நேரம், திரும்புகிற இடம், வண்டி நம்பர், இறங்குகிற பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாம் எழுதுங்கள். மூன்று நோட்டு போடுங்கள், மூன்று வீட்டில் இருக்கட்டும், அதில் ஒரு வீடு கீழத்தெருவாக இருக்கட்டும். ஒரு நோட்டாவது பொம்பளைப் பிள்ளை கையில் இருக்கணும், அந்த பஸ்ஸில் வர்றது அவங்கதானே. எழுதும் முறையை மூன்று பேருக்கும் நான் இன்றைக்கே சொல்லித் தருகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வேப்ப மரத்தடியில் இருப்பேன். என் பழைய இருநூறு பக்க நோட்டும் பையில் இருக்கு, கரையான் கொஞ்சம் தின்றது போக மிச்சம் படிக்கலாம். யார் யார் வர்றீங்கன்னு கை தூக்குங்க, பேர் எழுதிக்கிறேன்.